கோகிலாவுக்குப் பக்கத்து இருக்கை

கமலவேணி டீச்சருக்குப் பொறாமை முப்பத்தோராவது வயதில்தான் வந்தது. அம்மை மாதிரி அது. சின்ன வயதில் வந்திருந்தால் நாலு நாளில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்திருக்கலாம். வயது ஏறி வந்ததால் ஆளையே படுக்கப் போட்டுவிட்டது.

அதற்கு முன்னால் அவளிடம் பிறர் பொறாமைப்படும்படியும் ஒன்றுமில்லை, அவள் பிறரைப் பார்த்துப் பொறாமைப்படவும் நேரமில்லை. ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். ஜப்பான்காரன் காலத்தில் அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. சண்டை முடிந்ததும் அம்மா பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியை வாடகைக்குப் பிடித்தாள். அண்ணன் பொன்னுதுரை பஸ் கண்டக்டரானான். கமலவேணி வாரக்கடைசி வகுப்புகளுக்குப் போய்ப் படித்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியையானாள். அம்மா காலமானாள். அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிற்று. கமலவேணிக்கு வந்த வரன்களெல்லாம் அவள் உயரத்தைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். நல்ல உயரம் அவள். எட்டு வைத்தால் பக்கத்தில் வருகிறவர்கள் ஓட வேண்டியிருக்கும்.

அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. டவுனைத் தாண்டிச் சோறு கொண்டுபோகக் கூடாது. ஒரு பிடி அரிசி கையில் இருந்தாலும் காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்ட்டுகளுக்குத்தான் கொண்டுபோகிறாய் என்பார்கள். பஸ்ஸை நிறுத்திப் பையைக் கொட்டிப் பார்ப்பார்கள். அதனால் வேலையில்லாமல் யாரும் பஸ் ஏறுவதில்லை. ஐம்பத்து மூன்றாம் வருஷம் செப்டம்பரில் மலாக்காவின் கரையோரப் பக்கத்தை ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவித்தார்கள். அங்கெல்லாம் ஊரடங்கு போயிற்று, சோதனை போயிற்று. சோற்றுப் பொட்டலத்தோடு பஸ் ஏறலாம் என்று ஆயிற்று.

அதற்கடுத்த புதுவருஷத்தில்தான் கோகிலாவின் பழக்கம். பள்ளியில் ஒரு பெண்பிள்ளை கையை உடைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள் கமலவேணி. பிள்ளைகள் வார்டில் குட்டையாக, உருண்டையாக, வாய் ஓயாமல் பேசிக்கொண்டே மாவுக்கட்டுப் போட்ட மிஸிதான் கோகிலா. நர்ஸை அங்கே மிஸி என்பார்கள். கட்டுப் போட்டு முடிவதற்குள் கமலவேணியின் கதை முழுவதையும் கேட்டு வாங்கிவிட்டாள்.

“அண்ணன் பஸ் கண்டக்டரா? அப்ப எந்த பஸ்ஸு எங்க போவும்னு ஒங்களுக்கு அத்துப்படின்னு சொல்லுங்க. டீச்சர், எனக்கு ஒரே ஒரு ஆசைதான். சோத்தக் கட்டி எடுத்துக்கிட்டு பஸ் ஏறி, எங்கயாவது எறங்கி, கால் வலிக்கிற வரைக்கும் நடக்கணும். அஞ்சு வருஷமா இந்த வார்டும் குவாட்டர்ஸும்தான் லா.”

“எங்க போவணும்?”

“எனக்கென்ன தெரியும்? நீங்கதான் கூட்டிட்டுப் போவணும்.”

‘கூட்டிட்டுப் போவணும்’ என்று கமலவேணியிடம் அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் தஞ்சோங் கிளிங் பஸ்ஸில் ஏறினார்கள். கடைசி நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கி, தென்னந்தோப்பு வழியாகக் கடலோரம் நடந்து, தங்கா பத்து வயல்வெளியில் புளிச்சோறு சாப்பிட்டு, வேறொரு சாலையில் வந்து முளைத்து, வேறொரு பஸ்ஸில் திரும்பினார்கள்.

பிறகு அதுவே ஒழுங்காகிவிட்டது. எந்தப் பஸ்ஸில் போவது, எங்கே இறங்குவது, எந்தப் பாதையில் நடந்து எந்த பஸ்ஸைப் பிடிப்பது என்பதெல்லாம் கமலவேணியின் பொறுப்பு. அண்ணனிடம் நேரங்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வாள். கோகிலாவுக்குக் கிழக்கு மேற்கு தெரியாது. அவள் வேலை பேச்சு. உம்பாயில் வலை உலர்த்துகிற மலாய்ப் பெண்களிடம் பிள்ளைக்கு இருமல் எப்படி என்று கேட்பாள். டுரியான் துங்கலில் ரப்பர் மரங்களுக்கு நடுவே போனால், பால் எடுக்கிற அம்மாக்களிடம் கைப்புண்ணைக் காட்டச் சொல்வாள். போன இடத்திலெல்லாம் சிக்கு என்கிற சப்போட்டாப் பழமும் கோப்பியும் கிடைத்தது. கமலவேணி பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பாள். அதிலேயே அவளுக்கு ஒரு பெருமை.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை அவர்களுடையது. இரண்டு பேர் உட்காரும் இருக்கை. ஜன்னலோரம் கோகிலா, இந்தப் பக்கம் கமலவேணி. திரும்பி வரும்போது, முதல் நாள் ராத்திரி டூட்டி பார்த்த களைப்பில் கோகிலா தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள். அவள் விழித்துவிடக் கூடாதென்று, மேட்டிலும் பள்ளத்திலும் கமலவேணி உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவாள். இறங்கும்போது தோள் மரத்துப் போயிருக்கும். அந்த மரத்துப்போனதைத் திங்கட்கிழமை வகுப்பில் நினைத்துக்கொள்வாள்.

ஐம்பத்தாறு பிப்ரவரியில், சுதந்திரத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது என்று பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்தபோதும் இருவரும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார்கள். கமலவேணி தலைவலி என்று பள்ளிக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். குட்டையான கோகிலாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. “என்னக்கா நடக்குது, என்னக்கா நடக்குது” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். கமலவேணி மேலிருந்து பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். நாட்டுக்கு என்ன கிடைத்ததோ, கமலவேணிக்கு அன்று எல்லாம் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த வருஷம் ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் நிலையத்தில் கோகிலா தனியாக நிற்கவில்லை.

“அக்கா, இது சிகப்பி. ஜாலான் பெண்டஹாராவுல துணிக்கடை வச்சிருக்காங்கல்ல சோமசுந்தரம் செட்டியாரு, அவரு மக. இன்னிக்கு நம்மகூட வருது.”

இருபத்துநாலு, இருபத்தைந்து வயதிருக்கும். வெளுத்த முகம். கழுத்தில் வாரோடு ஒரு பெட்டிக் கேமரா. “வணக்கம் டீச்சர். உங்களப் பத்தி நிறையச் சொல்லியிருக்காக” என்றாள் பூனைக்குரலில்.

செட்டியார் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கோகிலாதான் பார்த்துக்கொண்டாளாம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த இந்த மகள் யாரோடும் பேசவில்லையாம், சாப்பிடவில்லையாம். கட்டிய புருஷன் காரைக்குடிப் பக்கம் போய் நாலு வருஷமாகிறது. கடிதம்கூட இல்லை. வெளிக்காற்று பட்டால் தேறும் என்று கோகிலா வீட்டில் சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இதையெல்லாம் கமலவேணியின் காதில் கிசுகிசுத்துவிட்டு, “பாவம் லா அது” என்றாள்.

கமலவேணியும் பாவம் என்றுதான் நினைத்தாள். பஸ் வரும்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். பஸ் வந்தது. மூன்றாவது வரிசை. இரண்டு பேர் இருக்கை.

“புதுசுல்ல, பயப்படும். நான் அதுகூட உக்காந்துக்கறேன். நீங்க பின்னால உக்காருங்கக்கா” என்றாள் கோகிலா.

கமலவேணி பின்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் கூடையில் வாத்து வைத்திருந்தார். மஸ்ஜித் தானா வரைக்கும், முன்னால் ஆடுகிற இரண்டு தலைகளையே பார்த்துக்கொண்டு போனாள். ஒரு தலை பேசிற்று, மற்றது மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தது. வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சூடாகப் புரண்டது. காலையில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் மூன்று பேருக்கு ஆயின. சிகப்பி கெட்டவளாக இருந்திருந்தால் கமலவேணிக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவளோ நல்லவள். டீச்சர் டீச்சர் என்று மரியாதையாகத்தான் இருந்தாள். வீட்டிலிருந்து சீயமும் முறுக்கும் கொண்டுவந்தாள். கோகிலா சீயத்தைச் சாப்பிட்டுவிட்டு, “அக்கா, இனிமே புளிச்சோறு வேணாம், இதே போதும்” என்று ஒருநாள் விளையாட்டாகச் சொன்னாள். அந்த வாரம் முழுக்கக் கமலவேணி வீட்டில் புளியைக் கையால் தொடவில்லை. சிகப்பி நின்று நின்று படம் பிடித்தாள். கோகிலா அவளுக்காக நின்றாள். கமலவேணி முன்னால் நூறு அடி போய்விட்டுத் திரும்பிப் பார்ப்பாள். பாதை காட்டுகிறவள் என்றால் முன்னால்தான் போக வேண்டும். பின்னால் வருகிறவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. தன்னுடைய நீளக் கால்களின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.

மாதம் செல்லச் செல்லச் சிகப்பியின் முகத்தில் நிறம் ஏறியது. கோகிலா அதைத் தன் கைவைத்தியம் போலப் பெருமையாகப் பார்த்தாள். “பாத்தீங்களாக்கா, எப்படி இருந்த புள்ள!” என்பாள். கமலவேணி தலையை ஆட்டுவாள். தேறியாச்சு அல்லவா, இனிமேல் வீட்டில் இருக்கலாமே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். சொல்லிவிட்டு, ராமா என்று தன்னையே நொந்துகொள்வாள்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பிட உட்கார்ந்த பொன்னுதுரை பேச்சுவாக்கில் சொன்னான்.

“ஒன் மிஸி நேத்து என் வண்டியிலதான் வந்தாங்க. அந்தச் செட்டியார் ஊட்டுப் பொண்ணும் கூட. மஸ்ஜித் தானாவுல எறங்கி பெங்காலான் பாலாக் பஸ் ஏறுனாங்க. நீ சொல்லி அனுப்புனியா?”

கமலவேணி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். கோகிலாவுக்கு வியாழக்கிழமைகளில்தான் வார விடுப்பு. ஞாயிற்றுக்கிழமைக்காக அவள் மற்ற மிஸிகளிடம் டூட்டி மாற்றிக்கொள்வது வழக்கம். வியாழக்கிழமையில் கமலவேணி பள்ளியில் இருப்பாள். சிகப்பிக்கோ எல்லா நாளும் ஒன்றுதான். அது போகட்டும். பெங்காலான் பாலாக்! மலாக்காவிலேயே நல்ல கடற்கரை என்று அண்ணன் சொன்ன இடம். கோகிலாவோடு முதல்முதலாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நோட்டில் தனிப் பக்கம் போட்டு, பஸ் நேரமெல்லாம் எழுதி, பள்ளி விடுமுறைக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த இடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சிகப்பி பின்தங்கியிருந்த நேரத்தில் சாதாரணமாகக் கேட்டாள். “வியாழக்கெழம என்ன பண்ணுன கோகிலா?”

கோகிலா ஒரு நொடி தரையைப் பார்த்தாள். “துணி தொவச்சேன். தூங்குனேன். வேற என்னக்கா?”

போனதைவிட இந்தப் பொய்தான் சுட்டது. மனம் நோகக் கூடாதென்று சொன்ன பொய் என்பது கமலவேணிக்குத் தெரிந்தது. மறைத்துப் பேசவேண்டிய ஆளாகத் தான் ஆகிவிட்டோம் என்பதும் தெரிந்தது.

மார்ச்சில், ஒரு புதன்கிழமை காலையில், பொன்னுதுரை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னான். “பாலாக் பக்கம் பாலம் ரிப்பேரு. நாளையிலேர்ந்து அங்கேர்ந்து கடைசி பஸ் நாலரைக்கே கெளம்பிரும். நோட்டுல மாத்தி எழுதிக்கோ.” அவனுக்கு அந்த வாரம் ஜாசின் பாதை.

அன்று மதியம் பள்ளி விட்டதும் வாசலில் கோகிலா நின்றாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

“அக்கா, ஒண்ணு சொல்லணும். நாளைக்கு நானும் சிகப்பியும் பெங்காலான் பாலாக் போறோம். ஒங்ககிட்ட மறைக்க எனக்குப் புடிக்கல. அதான் சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன். லீவுதான், ஆனா இந்த வாட்டி ராத்திரி எட்டு மணிக்கு டூட்டி போட்டிருக்காங்க. கடைசி பஸ் அஞ்சே முக்காதானே?”

நேரம் கேட்க அவளிடம்தான் வந்திருந்தாள். அவளைவிட்டால் கோகிலாவுக்குக் கேட்க ஆள் கிடையாது. அது ஒருபக்கம் இனித்தது. நானும் சிகப்பியும் என்ற வார்த்தை மறுபக்கம் கிடந்து எரிந்தது.

“ஆமா” என்றாள் கமலவேணி. “அஞ்சே முக்கா.”

சொன்ன பிறகு கூப்பிட்டுத் திருத்தியிருக்கலாம். கோகிலா சாலையைத் தாண்டித் திரும்பிக் கையாட்டினாள். அப்போதும் திருத்தியிருக்கலாம். கமலவேணியும் கையாட்டினாள்.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு அவள் வீட்டில் உட்கார்ந்து பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரே வரியை நாலு தரம் படித்தாள். ஐந்தே முக்காலுக்கு மழை பிடித்தது. குடையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினாள். மஸ்ஜித் தானா பஸ்கள் வந்தன. ஈரக் கூடைகள் இறங்கின, ஆட்கள் இறங்கினார்கள். அவர்கள் இரண்டு பேரும் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தகவலாவது சொல்லலாமா என்று நினைத்தாள். எப்படித் தெரியும் என்று கேட்டால்? பாதி தூரம் நடந்தவள், அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்பிவிட்டாள்.

அவர்கள் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். மழையில் நனைந்து நின்றவர்களைக் பக்கத்து மலாய்க் கிராமத்து மீனவர் குடும்பம் ஒன்று வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காய்ந்த துணி கொடுத்துப் படுக்க வைத்திருந்தது. ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் கோகிலா டூட்டிக்கு வரவில்லை. தகவலும் இல்லை. மேட்ரன் கூப்பிட்டு மூன்று மாதம் ஞாயிற்றுக்கிழமை விடுப்புக் கிடையாது, டூட்டி மாற்றிக்கொள்ளவும் கூடாது என்றார். சிகப்பியின் வீட்டில் கூச்சல். புருஷன் இல்லாத பெண் ஒரு ராத்திரி வெளியே தங்கினாள் என்று அண்ணன்மார் குதித்தார்கள். கதவு சாத்தியாகிவிட்டது.

ஆக, கமலவேணி நினைத்தது நடந்தது. சிகப்பி வரமாட்டாள். கூடவே கோகிலாவும் வரமாட்டாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கிடந்தாள். மூன்றாவதில் தனியாக உம்பாய்க்குப் பஸ் ஏறினாள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். பக்கத்து இடம் காலியாகவே வந்தது. கடலோரம் வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய் அம்மா அவளைப் பார்த்ததும் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள். “மிஸி மானா?” என்றாள். மிஸி எங்கே? கமலவேணிக்கு நல்ல மலாய் வரும். இருந்தும் கையால் டவுன் பக்கம் காட்டிவிட்டு நகர்ந்தாள். அவளிடம் யாரும் கோப்பி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குக் கால் வலித்தது.

மே மாதம் நடுவில் ஒரு மாலை, ஜாலான் பெண்டஹாராவில் அந்தத் துணிக்கடைக்கு மேலே இருந்த வீட்டுக்குப் போனாள். டீச்சர் என்றதும் மேலே விட்டார்கள். சிகப்பி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு ஆல்பத்தில் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஏறியிருந்த நிறம் போயிருந்தது.

“வாங்க டீச்சர். நீங்களாவது வந்தீகளே. இதப் பாருங்க.”

கமலவேணி பார்த்தாள். பாதிப் படங்களில் அவள்தான் இருந்தாள். வயல் வரப்பில் முன்னால் போகிற முதுகு. மரத்தடியில் நோட்டைப் பார்க்கிற முகம். தென்னை மரத்துக்குப் போட்டியாக நிற்கிற உயரம்.

“என்னை எதுக்கு இவ்ளோ எடுத்த?”

சிகப்பி பசையைத் தடவிக்கொண்டே சொன்னாள். “கோகிலாக்கா எப்பவும் உங்களத்தான பாத்துக்கிட்டு வரும். அக்கா இங்க என்ன சொன்னாக, அக்காவுக்கு இந்த எடம் புடிக்கும், அக்கா இல்லாட்டி எனக்கு வழி தெரியாது. எந்த வளைவுல திரும்புனாலும் உங்க பேச்சுத்தான். அப்படி என்னதான் இருக்கு இவுககிட்டன்னு எனக்கு ஒரே எரிச்சலு டீச்சர். அதான் எடுத்து எடுத்துப் பாத்தேன்.” பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். “அந்தப் பாலாக்கு போனதுகூட நாந்தேன் நச்சரிச்சேன். ஒரு எடமாவது நீங்க காட்டாத எடமா இருக்கட்டும்னு.”

கமலவேணிக்கு அழுகை முட்டியது. அந்த வேகத்தில் சொல்லிவிட்டாள். நாலரை மணி பஸ், அண்ணன் சொன்னது, பள்ளி வாசல், ஆமா என்று சொன்னது, எல்லாவற்றையும்.

சிகப்பி தூரிகையைக் கீழே வைத்தாள். பசை டப்பாவை மூடினாள். கீழே கடையில் துணி கிழிக்கிற சத்தம் கேட்டது.

“அந்த ராத்திரி நான் எவ்வளவு சந்தோசமா இருந்தேன் தெரியுமா டீச்சர்?” என்றாள் கடைசியில். “அந்த வீட்டம்மா மீன் சுட்டுக் குடுத்தாக. எங்க வீடு சைவம், நான் மீன் தொட்டதே இல்ல. கோகிலாக்காவும் நானும் ஒரே பாயில படுத்து விடிய விடியக் கடல் சத்தம் கேட்டோம். என் ஆயுசுக்கும் அது போதும்.”

மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில், அழுதுகொண்டிருந்த அந்த நேரத்திலேயே, கமலவேணிக்குள் பழைய சூடு மறுபடி ஏறியது. ஒரே பாய்! தான் செய்த பாவமே அவர்களுக்கு அதைக் கொடுத்திருக்கிறது. இந்த எண்ணம் வந்ததற்காக அவள் தன்னைக் கண்டு கூசிப்போனாள். பொய் சொன்ன அன்றுகூட அவ்வளவு கூசவில்லை.

“ஆனா கோகிலாக்கா விடியுமுன்ன அழுதுச்சு. வார்டுல பிள்ளைக என்ன பண்ணுதுகளோன்னு. இந்த பஸ் விசயத்த நீங்க அதுகிட்டத்தான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்” என்றாள் சிகப்பி.

மறுநாள் மதியம் மிஸிகளின் குவாட்டர்ஸுக்குப் போனாள். கோகிலா பின்பக்கக் கொடியில் வெள்ளைக் கவுன்களை உலர்த்திக்கொண்டிருந்தாள். கமலவேணி நின்றபடியே சொன்னாள். பாதியிலேயே கோகிலா கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“அந்த வாரமே ஒங்கண்ணன பஸ் ஸ்டேஷன்ல பாத்தேன். ‘தங்கச்சிகிட்ட புதன்கெழமையே சொன்னேனே, ஒங்ககிட்ட சொல்லலியா’ன்னு கேட்டாரு. மறந்திருப்பாங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.”

“அப்ப ஏன் எங்கிட்ட கேக்கல?”

“கேட்டா நீங்க இல்லேன்னு சொல்லிருவீங்களோன்னு பயம். அந்தப் பொய்யயும் கேட்டுட்டா அப்புறம் நான் யாருகூட நடக்கறது?” கோகிலாவின் குரல் உடைந்தது. “ஒம்போது வாரமா இன்னிக்கி வருவீங்க, நாளைக்கி வருவீங்கன்னு ஒக்காந்திருக்கேன்.”

கமலவேணி வாளியிலிருந்து ஒரு கவுனை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் போட்டாள்.

“நானும் துணி தொவச்சேன்னு பொய் சொன்னேன்ல” என்றாள் கோகிலா.

“ரெண்டும் ஒண்ணு இல்ல.”

“இல்லதான்” என்றாள் கோகிலா. சமாதானத்துக்காகக்கூட அதை மறுக்கவில்லை.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஜூனில் கோகிலாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைத்தன. அவள் வரவில்லை. ஜூலையிலும் வரவில்லை. கமலவேணி போய்க் கூப்பிடவும் இல்லை. கூப்பிடுகிற உரிமை போய்விட்டது என்று இருந்தாள். அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தாள். சோமசுந்தரம் செட்டியாரைப் போய்ப் பார்த்தாள். கடைசி பஸ் நேரத்தைத் தப்பாகச் சொன்னது தான்தான், உங்கள் பெண் மேலே ஒரு குற்றமும் இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். செட்டியார் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார்.

“ஏன் தப்பாச் சொன்னீக?”

“பொறாமைங்க” என்றாள் கமலவேணி.

அவர் அப்படி ஒரு பதிலை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. உள்ளே இருந்த மகனைக் கூப்பிட வாயெடுத்தவர் கூப்பிடவில்லை. “இனி அவ வெளிய போறதா இருந்தா நீங்க கூட இருக்கணும். அவளை நீங்கதான் கொண்டாந்து விடணும். சம்மதம்னா அனுப்புறேன்” என்றார். யாரைத் துரத்த நினைத்தாளோ அவளுக்கே காவலாக ஆனாள் கமலவேணி.

சுதந்திரம் வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டவுன் முழுக்கத் தோரணம். கமலவேணியும் சிகப்பியும் பஸ் நிலையத்தில் நின்றபோது, கோகிலா குடையை ஆட்டிக்கொண்டு வந்தாள். எங்கே போகிறோம் என்று கேட்டாள், முன்பு கேட்ட மாதிரியே. இரண்டு பேர் இருக்கையில் சிகப்பியைத் தள்ளி உட்கார வைத்து, அதில் மூன்று பேராக நெருக்கிக்கொண்டார்கள். கண்டக்டர் திட்டினார். கமலவேணிக்குப் பாதி உடம்பு வெளியேதான் இருந்தது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை.

பொறாமை தீர்ந்ததா என்றால், இல்லை. ஐம்பத்தெட்டு முழுக்க, கோகிலா யார் பக்கம் திரும்பி முதலில் பேசுகிறாள் என்பதைக் கமலவேணி கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். சிகப்பியும் கவனிக்கிறாள் என்பது இப்போது தெரிந்திருந்ததால், அதில் முன்பிருந்த தனிமை மட்டும் இல்லை. காரைக்குடியிலிருந்து புருஷன் வரவே இல்லை. சிகப்பி கடையில் உட்காரத் தொடங்கினாள்.

ஐம்பத்தொன்பதில் கோகிலாவுக்கு மேல்படிப்புக்கு இங்கிலாந்தில் இடம் கிடைத்தது. சிங்கப்பூரில் கப்பல். பஸ்ஸில் ஏற்றி அனுப்பப் போன இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கோகிலா இருவரையும் ஒரே நேரத்தில் கட்டிப்பிடித்தாள். அந்தக் கை யார் முதுகில் அதிக நேரம் இருந்தது என்று பிற்பாடு அவர்களுக்குள் ஒரு வாக்குவாதமே நடந்தது.

அவள் போன பிறகும் இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தார்கள். வேறு துணை இருவருக்கும் இல்லை. கொஞ்ச நாளில், வேறு துணை வேண்டும் என்றும் இல்லை. அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கா பத்துப் பஸ்ஸில் உட்கார்ந்ததுமே சிகப்பி கைப்பையிலிருந்து நீலக் கடிதத்தை எடுத்தாள்.

“எனக்கு மூணு பக்கம். குளிருது, ஒரு நாளைக்கு ரெண்டு கம்பளி போத்திக்கறேன்னு எழுதியிருக்கு. உங்களுக்கு வந்துச்சா டீச்சர்?”

“வந்துச்சு.”

“எத்தன பக்கம்?”

கமலவேணி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வயலில் நாற்று நட்டிருந்தார்கள். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். வேண்டாம் என்று விட்டாள்.

“அஞ்சு” என்றாள்.

சிகப்பி கடிதத்தை மடித்து உள்ளே வைத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கமலவேணிக்காக நிற்கவில்லை. நூறு அடி முன்னாலேயே விறுவிறுவென்று நடந்து போனாள். கமலவேணி பின்னால் நிதானமாக வந்தாள். நல்ல காற்று வீசிக்கொண்டிருந்தது. மனது நிறைந்து இருந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அவள் நடையை எட்டிப் போடவில்லை.